சிலைகளும் சமய உணர்வும்



வெள்ளி விழாக் காணும் நமது கழகத்திற்கு முதற்கண் என் வாழ்த்துக்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வாழ்பவர்கள் நாம். பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் 1991ஆம் ஆண்டு நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, 18 ஆண்டுகள் மூடியே கிடந்ததை அறிவோம். 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் அது திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. எனக்குள்ள மதிப்பு உனக்கும் உண்டு என்று இரு மாநிலங்களும் ஒப்பியபோதுதான் அத்திரை விலகிற்று.

மொழிப் பூசலுக்கு இவ்வாறு வழி பிறந்தது. சமய உணர்வு குறுக்கிட்டால் என்ன செய்வது? திருவரங்கத்தில் அரங்கநாதர் கோயிலுக்கு எதிரே பெரியார் சிலை அமைக்கப்பட்டபோது, பக்தர்களின் மனம் புண்படும் என்று எதிர்ப்பு எழுந்தது. திறப்பு விழாவுக்கு முன்னரே, 2006 டிசம்பர் 7ஆம் நாள், சிலையின் தலை உடைக்கப்பட்டது. அதற்குப் பழிவாங்குவதாகச் சென்னையில் அயோத்தியா மண்டபம் தாக்கப்பட்டது. அம்மாதத்திலேயே வேறு சிலை அங்கு நிறுவப்பட்டது. ஆயினும் பூசல் ஓயவில்லை. தம் கட்சி ஆட்சிக்கு வந்தால் அத்தகைய சிலைகள் அகற்றப்படும் என்று, அன்றைய மாநில பா.ஜ.க. தலைவர் அண்ணாமலை 2023 நவம்பரில் அதே ஊரில் பேசினார்.

இதில் நமது நிலை யாது? கோபுரத்தின் எதிரே கடவுள் மறுப்பு வாசகம் இருப்பது வருத்தம் தருகிறது என்று ஒரு பக்தர் கூறினால், அவரை எள்ளி நகையாடுதல் தகாது. நம் வீடுகளிலும் மாரியம்மனைக் கும்பிடுவோர் உண்டு. ஆனால் வருத்தம் வேறு. தடுக்கும் உரிமை வேறு. வீதி எல்லார்க்கும் பொது. 1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டம், கோயிலைச் சுற்றிய வீதிகளில் நடக்கும் உரிமைக்காகவே நடந்தது. அவ்வீதிகள் மூடப்பட்டதற்கும் சமயமே காரணமாகக் காட்டப்பட்டது என்பதை நாம் மறத்தல் ஆகாது. பெரியார் சிலைகளின் கீழுள்ள வாசகங்களை நீக்கக் கோரிய வழக்கை, சென்னை உயர்நீதிமன்றம் 2019இல் தள்ளுபடி செய்தது.

தோழர்களே, சட்டத்தின் மறுபக்கத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 1953இல் திருச்சியில் பெரியார் களிமண் பிள்ளையார் உருவை உடைத்தார். அது வெறும் பொம்மையே என்று கீழ் நீதிமன்றங்கள் கருதின. 1958இல் உச்சநீதிமன்றம் அக்கருத்தை ஏற்கவில்லை. ஒரு பிரிவு மக்கள் புனிதமாகக் கருதும் பொருள் எத்துணை எளியதாயினும், அவர்களது உணர்வு மதிக்கப்பட வேண்டும் என்றது; எனினும் காலம் கடந்துவிட்டதால் வழக்கைத் தொடரவில்லை.

அந்த அளவுகோல் நமக்கும் பொருந்த வேண்டாமா? அண்ணல் அம்பேத்கர் சிலைகள் பல இன்றும் இரும்புக் கூண்டுக்குள் நிற்கின்றன. 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் அவரது சிலை உடைக்கப்பட்டது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தம், நம் மக்கள் உயர்வாக மதிக்கும் பொருளைச் சேதப்படுத்துவது குற்றம் என்கிறது. சிலையும் படமும் அதில் அடங்கும் என்று விளக்கமும் தருகிறது. இதனை நம் இளைஞருள் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

1997 ஜூலை 11ஆம் நாள் மும்பை ரமாபாய் நகரில் அண்ணல் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டது. கொதித்தெழுந்த மக்கள் மீது காவல்துறை சுட்டதில் 10 பேர் மாண்டனர். சிலையை அவமதிப்பவன் நம் கோபத்தையே எதிர்பார்க்கிறான். அவன் விரும்புவதை அவனுக்குக் கொடாதீர்கள். படம் எடுங்கள், எழுத்து மூலம் புகார் கொடுங்கள், முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது புகார் கொடுத்தவரின் உரிமை, அதைக் கேட்டு வாங்குங்கள். பிறர் வழிபடும் உருவின் மீது ஒருபோதும் கை வைக்காதீர்கள்.

சமயத்தில் பக்தி உய்விக்கலாம். அரசியலில் பக்தி சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும் என்று 1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தவர் அண்ணல். ஆகவே அவரை இன்னொரு தெய்வமாக்க நாம் சிலை வைக்கவில்லை. பொதுவீதியில் நமக்கும் இடமுண்டு என்பதன் அடையாளமே அச்சிலை. அச்சிலையின் கையில் இருப்பது புத்தகம். அதைத் திறந்து படிக்கும் பிள்ளைகளை உருவாக்குவதே இக்கழகத்தின் பணி. அச்சிலைக்கு நாம் செய்யும் காவலும் அதுவே.