கடல் போன ஊர்: மொய்னாக்



சோவியத் யூனியன் இருந்த தடத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் மாஸ்கோவுக்குப் போவதுதான் வழக்கம். செஞ்சதுக்கம், லெனின் உடல் வைக்கப்பட்டிருக்கும் மண்டபம், தரைக்கடியில் அரண்மனை போல் எழுப்பிய மெட்ரோ நிலையங்கள் எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்த வல்லரசு எப்படி நடந்தது, ஏன் சாய்ந்தது, எதை விட்டுப் போனது என்ற மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் உஸ்பெகிஸ்தானின் வடமேற்குக் கோடியில் உள்ள மொய்னாக் என்ற சிற்றூருக்குத்தான் போக வேண்டும். இன்று உங்களை அங்கேதான் அழைத்துப் போகிறேன்.

தாஷ்கண்டிலிருந்து விமானத்திலோ ரயிலிலோ நுக்குஸ் நகரம் வரை போகலாம். அது கரகல்பாக்கிஸ்தான் என்ற தன்னாட்சிக் குடியரசின் தலைநகரம். அங்கிருந்து வடக்கே சுமார் 200 கிலோமீட்டர் தூரம் காரில் போக வேண்டும். வழி நெடுகப் பருத்தி வயல்கள். அவற்றுக்கு நடுவே மண்ணைத் தோண்டி அப்படியே விட்ட, சிமெண்ட் பூசாத வாய்க்கால்கள். பாத்திகளில் பல இடங்களில் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருக்கும். அந்த உப்பைக் கழுவி வெளியேற்றினால்தான் அடுத்த விதைப்பு. அதற்காகக் குளிர்காலம் முடியும் தறுவாயில் வயல் முழுக்க நீர் பாய்ச்சுவார்கள். வடக்கே போகப் போக வயல்கள் குறைந்து புதர்க்காடு வருகிறது. அதற்கப்புறம் ஊரின் வரவேற்புப் பலகை. அதில் அலையும் மீனும் வரைந்திருக்கிறார்கள்.

ஊரின் வடக்கு ஓரத்தில் ஒரு மேடு இருக்கிறது. ஒரு காலத்தில் அதன் அடிவாரம் வரை தண்ணீர் நின்றது. இப்போது மேட்டிலிருந்து படிகளில் இறங்கினால், மணலில் வரிசையாக மீன்பிடிக் கப்பல்கள் நிற்கின்றன. சுமார் பத்துக் கப்பல்கள். சிலவற்றின் முகப்பில் ரஷ்ய எழுத்தில் பெயர் இன்னும் படிக்க முடிகிறது. பக்கவாட்டுத் தகடுகளை இரும்புக்காக அறுத்துக்கொண்டு போய்விட்டதால், உள்ளே உள்ள விலா இரும்புகள் வெளியே தெரிகின்றன. கையை வைத்தால் துரு செதில் செதிலாக உதிர்கிறது. குனிந்து ஒரு பிடி மணலை அள்ளிப் பாருங்கள், பாதி மணல், பாதி பொடிச் சிப்பி. நடக்கும்போது காலடியில் அவை நொறுங்கும் சத்தம் கேட்கிறது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை கடல் இல்லை. நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போனால்தான் தண்ணீரைப் பார்க்கலாம்.

இங்கே இருந்தது ஆரல் கடல். பெயர் கடல்தான், உண்மையில் அது ஏரி. 1960-இல் அதன் பரப்பு சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவை உள்ளே வைத்தாலும் கொஞ்சம் இடம் மிஞ்சும். உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது. பாமீர் மலையிலிருந்து வரும் அமு தரியாவும், தியான் ஷான் மலையிலிருந்து வரும் சிர் தரியாவும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாலைவனத்தைத் தாண்டி வந்து இதை நிரப்பின. ஆண்டுக்கு 40,000 டன்னுக்கு மேல் மீன் கிடைத்தது. மொய்னாக்கில் அந்த மீனை டின்னில் அடைக்கும் பெரிய ஆலை இருந்தது. வடகரையில், இன்றைய கஜகஸ்தானில், ஆரல்ஸ்க் என்ற துறைமுகம் இருந்தது. 1921-இல் ரஷ்யாவில் கொடும் பஞ்சம் வந்தபோது ஆரல் மீனவர்களிடம் உதவி கேட்டு லெனின் கடிதம் எழுதினார். அவர்கள் 14 ரயில் பெட்டி நிறைய மீன் அனுப்பினார்கள். அந்த நிகழ்ச்சியை ஆரல்ஸ்க் ரயில் நிலையச் சுவரில் வண்ணக் கற்களால் பதித்து வைத்திருக்கிறார்கள். பஞ்சத்தில் சோறு போட்டவர்களுக்கு அந்த அரசு பின்னால் செய்தது என்ன என்பதுதான் மிச்சக் கதை.

சோவியத் அரசுக்குப் பருத்தி வேண்டியிருந்தது. துணிக்கும் வெடிமருந்துக்கும் அதுவே மூலப்பொருள். வெளிநாட்டிலிருந்து ஒரு பொதி கூட வாங்கக் கூடாது என்பது ஜார் காலத்து ஆசை. ஐந்தாண்டுத் திட்டங்கள் அதைக் கட்டளையாக்கின. 1954-இல் கரகும் கால்வாயைத் தோண்டத் தொடங்கினார்கள். அமு தரியாவிலிருந்து துர்க்மேனியப் பாலைவனத்துக்குள் 1,300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கால்வாய் அது. பாதி நீர் வழியிலேயே மண்ணில் இறங்கியும் வெயிலில் ஆவியாகியும் போய்விடும். சிர் தரியாவிலும் இதே போல் அணைகள், வாய்க்கால்கள். 1960-க்குப் பிறகு கடல் ஆண்டுதோறும் பின்வாங்கியது. கப்பல்கள் துறைக்கு வருவதற்காக மொய்னாக்கில் கால்வாய் வெட்டினார்கள். கடல் இன்னும் விலகியது. இன்னும் வெட்டினார்கள். கடைசியில் விட்டுவிட்டார்கள். இப்போது மணலில் நிற்பவை அப்படி நின்றுபோன கப்பல்கள்தான்.

உப்பு ஏற ஏற ஒவ்வொரு வகை மீனாகச் செத்தது. உப்பைத் தாங்கும் ஒரு தட்டை மீனை வேறு கடலிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகள் அது மட்டும் பிழைத்திருந்தது. 1980-களின் தொடக்கத்தில் மீன்பிடித் தொழில் அடியோடு நின்றுவிட்டது. ஆனால் ஆலை நிற்கவில்லை. பால்டிக்கிலும் பசிபிக்கிலும் பிடித்து உறைய வைத்த மீனை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ரயிலில் ஏற்றி, கடல் இல்லாத மொய்னாக்குக்கு அனுப்பினார்கள். தொழிலாளர்களுக்கு வேலை இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடல் போய்விட்டது என்று வாய்விட்டுச் சொல்ல யாராலும் முடியவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

இதை அறியாமல் செய்த தவறு என்று நினைத்துவிடாதீர்கள். ஆறுகளைத் திருப்பினால் கடல் சுருங்கும் என்று திட்டமிட்டவர்களுக்குத் தெரியும். மீனைவிடப் பருத்தி லாபம் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கில் மொய்னாக் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வைக்கவும் வழி இல்லை. பத்திரிகை கட்சியுடையது, தேர்தலில் ஒரே வேட்பாளர், நீதிமன்றமும் அரசின் பக்கம். என்னைக் கேட்டால், சோவியத் யூனியனைச் சாய்த்த நோய் இதுதான். ஆயுதப் போட்டியும் எண்ணெய் விலை வீழ்ச்சியும் அதற்கு அடுத்தபடிதான்.

பொய்க் கணக்கும் இதே வயல்களில்தான் விளைந்தது. உஸ்பெகிஸ்தான் ஆண்டுக்கு 60 லட்சம் டன் பருத்தி தர வேண்டும் என்று மாஸ்கோ இலக்கு வைத்தது. நிலம் அவ்வளவு தரவில்லை. காகிதத்தில் தந்தார்கள். காலி ரயில் பெட்டிகள் ரஷ்ய ஆலைகளுக்குப் போயின. பணத்தை வாங்கிக்கொண்டு, சரக்கு வந்து சேர்ந்தது என்று அங்கே ரசீது எழுதிக் கொடுத்தார்கள். 1983-இல் உஸ்பெக் கட்சித் தலைவர் ஷரஃப் ரஷிதோவ் இறந்த பிறகு ஊழல் வெளியே வந்தது. ஆயிரக்கணக்கானோர் மீது நடவடிக்கை. சோவியத் தலைவராக இருந்த பிரெஷ்னெவின் மருமகன் சுர்பானோவே 1988-இல் சிறைத் தண்டனை பெற்றார்.

இதற்கிடையே, சைபீரிய ஆறுகளை வடக்கிலிருந்து தெற்கே திருப்பி மத்திய ஆசியாவுக்குக் கொண்டுவரலாம் என்று ஒரு பெருந்திட்டம் தயாரானது. வாலெந்தின் ராஸ்புதின், செர்கெய் ஜலிகின் போன்ற ரஷ்ய எழுத்தாளர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். 1986 ஆகஸ்டில், செர்னோபில் அணு உலை வெடித்த நான்காவது மாதம், அரசு அதைக் கைவிட்டது. குடிமக்கள் எதிர்த்து ஒரு பெருந்திட்டம் நின்றது அந்த நாட்டில் அபூர்வம். ஐந்து ஆண்டு கழித்து, 1991 டிசம்பர் 25-இல், சோவியத் அதிபர் கோர்பச்சேவ் பதவி விலகினார். 15 குடியரசுகளும் 15 நாடுகளாயின.

நம்மில் பலருக்கு அந்த நாடு புத்தகமாகத்தான் அறிமுகம். முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் மாஸ்கோவிலிருந்து தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய தடித்த அட்டை நூல்கள், வழவழப்பான ‘சோவியத் நாடு’ இதழ். அந்த இதழின் படங்களில் பருத்தி வயல் சிரித்தது. அந்த நூல்கள் தந்த இலக்கியச் செல்வத்தை நான் மறுக்கவே மாட்டேன்.

அந்த அரசு நன்மை செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். எழுதப் படிக்கத் தெரியாதவர்களே பெரும்பான்மையாக இருந்த மண்ணில் இரண்டு தலைமுறைக்குள் எல்லாரையும் படிக்க வைத்தார்கள். பெண்கள் டாக்டர்களானார்கள், எஞ்சினியர்களானார்கள். அதே கையால் 1937-இல், தூரக் கிழக்கில் வாழ்ந்த சுமார் 1,70,000 கொரியர்களைச் சந்தேகத்தின் பேரில் ரயிலில் அடைத்து மத்திய ஆசியாவுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். இன்று உஸ்பெகிஸ்தானின் எந்தச் சந்தைக்குப் போனாலும், பூண்டும் மிளகாயும் போட்டுப் புளிக்காடியில் ஊறிய கேரட் துருவல் விற்கும். அந்தக் கொரியர்கள் சீன முட்டைக்கோஸ் கிடைக்காமல் கேரட்டில் செய்து பழக்கியது. வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள்.

திரும்பும் வழியில் நுக்குஸில் ஒரு நாள் தங்குங்கள். இகோர் சவித்ஸ்கி என்ற ஓவியர் 1966-இல் அங்கே ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார். ஸ்டாலின் காலத்தில் தடை செய்யப்பட்டு, ஓவியர்களின் விதவைகள் வீட்டுப் பரணில் ஒளித்து வைத்திருந்த படங்களைத் தேடித் தேடி வாங்கி, பாலைவனத்துக்குக் கொண்டுவந்தார். பல கடனுக்கு வாங்கியவை. நுக்குஸில் ரசாயன ஆயுத ஆராய்ச்சி நடந்ததால் வெளிநாட்டவருக்கு அனுமதி இல்லை, மாஸ்கோ அதிகாரிகளும் அவ்வளவு தூரம் வருவது அரிது. அதனால்தான் படங்கள் தப்பின. லிசென்கோ என்ற ஓவியர் வரைந்த காளை ஓவியத்தின் முன்னால் நில்லுங்கள். நீல உடம்பு, துப்பாக்கிக் குழல் போல் துளைத்த கண்கள். பார்த்தவர் எளிதில் நகர மாட்டார்.

ஆரல் கடலின் வடக்குப் பகுதியில் இப்போது நிலைமை சற்றுத் தேவலை. கஜகஸ்தான் உலக வங்கி உதவியோடு 2005-இல் கோக்-ஆரல் அணையைக் கட்டி, சிர் தரியா நீரை வட ஆரலில் தேக்கியது. உப்பு குறைந்தது, மீன் திரும்பியது, ஆரல்ஸ்க் பக்கம் வலை வீசுகிறார்கள். தெற்கே மொய்னாக் பக்கம் காய்ந்த கடல் தரையில் சாக்ஸவுல் என்ற பாலைச் செடியை லட்சக்கணக்கான ஏக்கரில் நடுகிறார்கள், உப்பும் பூச்சிமருந்தும் கலந்த புழுதி பறந்து குழந்தைகளின் நெஞ்சுக்குள் போகாமல் இருக்க.

போக நினைப்பவர்கள் ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபரில் போங்கள். கோடையில் வெயில் தாங்காது, குளிர்காலத்தில் காற்று தாங்காது. குடிநீர் கையோடு எடுத்துப் போங்கள்.

ஆற்று நீர்ப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. அமு தரியாவின் நீரை யார் எவ்வளவு எடுக்கலாம் என்று சோவியத் அரசு வகுத்த பங்கீட்டை, 1992 பிப்ரவரியில் ஐந்து மத்திய ஆசிய நாடுகளும் அல்மாத்தியில் கையெழுத்திட்டு அப்படியே தொடர ஒப்புக்கொண்டன. ஆஃப்கானிஸ்தான் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. அங்கே 2022-இல் அதே ஆற்றிலிருந்து 285 கிலோமீட்டர் நீளத்துக்குக் கோஷ் தெப்பா என்ற புதிய கால்வாயை வெட்டத் தொடங்கினார்கள்.