ஐந்து முறை சரிவந்தால் போதுமா?



கணிதம் கற்ற பழைய மாணவிகளாகிய எங்களை, நூற்றாண்டு விழாவில் ஓர் எண்ணைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். 100 என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நாங்கள் எடுத்துக்கொண்ட எண் 4,294,967,297.

2இன் வலுவை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துச் சென்று, ஒவ்வொரு விடையுடனும் 1ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 கிடைக்கும். ஐந்தும் முதன்மை எண்கள். இவ்வரிசையில் வரும் எண்கள் யாவும் முதன்மை எண்களே என்று தாம் நம்புவதாக, பிரான்ஸ் நாட்டுக் கணித மேதை பியர் டி ஃபெர்மா 1640இல் எழுதினார். நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

ஆறாவது எண்தான் எங்கள் எண்: 2இன் 32ஆம் வலுவுடன் 1. அது 641ஆல் மீதியின்றி வகுபடும் என்று 1732இல் ஒயிலர் காட்டினார். மற்றக் காரணி 6,700,417. இவ்வெண்ணின் முதன்மைக் காரணி எதையும் 64ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்பது அவர் பின்னர் நிறுவிய விதியிலிருந்து தெரியும். அத்தகைய முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே விடை!

ஒயிலர் சொன்னார் என்பதற்காக நீங்கள் நம்ப வேண்டியதில்லை. சாதாரண தரக் கணிதமே போதும். 5 × 128ஐ 'அ' என்க. அப்போது அ + 1 = 641. அ-வின் நான்காம் வலுவிலிருந்து 1ஐக் கழித்து, இரு வர்க்கங்களின் வித்தியாசமாகக் காரணிப்படுத்தினால் (அ + 1) ஒரு காரணியாக வரும். ஆகவே அது 641இன் மடங்கு. மறுபுறம் 641 = 625 + 16; அதாவது 5இன் நான்காம் வலுவும் 2இன் நான்காம் வலுவும் சேர்ந்தது. இதை 2இன் 28ஆம் வலுவால் பெருக்கினால், அ-வின் நான்காம் வலுவும் 2இன் 32ஆம் வலுவும் சேர்ந்த தொகை வரும். இதுவும் 641இன் மடங்கு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். எஞ்சுவது எங்கள் எண்ணே.

இதற்கு அடுத்த 27 எண்களும் சேர்த்தி எண்களே என்று இன்று தெரியும். ஆறாவது முதன்மை எண் இவ்வரிசையில் இதுவரை அகப்படவில்லை.

'பெரியவர் சொன்னார்', 'இதுவரை அப்படித்தான் நடந்தது' என்ற இரண்டு காரணங்களையும் பெண்பிள்ளைகள் அதிகம் கேட்கிறார்கள். கணிதம் உங்களுக்கு வராது, அந்தத் துறை உங்களுக்குச் சரிவராது என்பவையும் அவற்றின் பெயரிலேயே சொல்லப்படுகின்றன. இக்கல்லூரியில் விடையை மட்டும் எழுதி நாங்கள் முழுப்புள்ளி பெற்றதில்லை. செய்கையைக் காட்டும்படி ஆசிரியர்கள் கேட்டார்கள். அப்பழக்கத்தையே வாழ்நாள் முழுதும் கொண்டு சென்றோம்.

மாணவிகளே, உங்களைப் பற்றி யார் எதைச் சொன்னாலும், செய்கை எங்கே என்று மரியாதையுடன் கேளுங்கள்.