கேள்வித்தாளில் இல்லாத அத்தை



எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவளிடம் சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், என் வகுப்பில் மட்டும் ஆங்கிலம் என்று வாழ்கிற பிள்ளைகள். லீவ் லெட்டரை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். பெங்களூர்க் கரகத் திருவிழாவுக்கு முதல் நாள் திகளர்பேட்டைப் பையன் ஒருவன் நீட்டினான்: ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் ஃப்ரம் டுமாரோ டு ஃப்ரைடே.’ எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஜுரம்தான் இன்னும் வரவில்லை! கேட்டால், “ராத்திரி பூரா கரகத்தோட சுத்தினா வராமலா இருக்கும் மிஸ்?” என்கிறான்.

சரி, மனப்பாடத்தின் யோக்கியதை அவ்வளவுதான். மனப்பாடத்தை உடைத்துப் பார்க்கும் முயற்சி நம் ஊரிலேயே நடந்தது. 1979 முதல் 1984 வரை, இங்குள்ள வட்டார ஆங்கில நிறுவனத்தோடு சேர்ந்து மொழிக் கல்வியாளர் என்.எஸ்.பிரபு சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணப் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு, ரயில் அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து, ‘கண்டுபிடி’ என்றார். விஷயத்தில் புத்தி போனால் மொழி தானாகப் படியும் என்பது அவர் கட்சி. 1987இல் புத்தகமும் வந்தது. வெளிநாட்டு ஆசிரியர்கள் ‘பெங்களூர் ப்ராஜெக்ட்’ என்று படிக்கிறார்கள். நமக்குத்தான் பெயர்கூடத் தெரியாது.

நானும் ரயில் அட்டவணையைக் கொடுத்தேன். காலை பத்துக்குச் சென்னையில் இன்டர்வியூ, எந்த வண்டி? லால்பாக் எக்ஸ்பிரஸ் மதியம்தான் போய்ச் சேரும். ராத்திரி மெயில் என்பதே நான் எதிர்பார்த்த விடை. கடைசி பெஞ்ச் எழுந்தது: “நோ மிஸ்! யெஸ்டர்டே பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் கோயிங். பெரம்பூர் ஆன்ட்டி ஹவுஸ். நைட் ஃபுட் ஃப்ரீ. மார்னிங் இட்லி ஆல்ஸோ.”

அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் விருட்டென்று எழுந்தாள். “தட் யுவர் ஆன்ட்டி! கொஸ்டின் மேன் நோ ஆன்ட்டி!”

“ஹவ் யூ நோ?”

அவ்வளவுதான், வகுப்பு இரண்டு கட்சியாகிவிட்டது. கேள்வித்தாளில் இல்லாத அந்த அத்தைக்காக மணி அடிக்கும்வரை ஆங்கிலத்தில் அடிதடி. சூடு ஏறினபோது கன்னடமும் கலந்தது; காதில் விழாதமாதிரி இருந்துவிட்டேன். இட்லிக்காரனுக்கு முழு மார்க் போட்டேன், அந்தப் பெண்ணுக்கும்தான்.