மறைக்காமல் சொல்லுங்க, அக்கா
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். "சொல்லு, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று அவங்களேதான் சொன்னாங்க.

அக்கா எங்க குழு உறுப்பினர். இரண்டு வருஷத்துக்கு முன்னாடி குளிக்கும்போது மார்பில் புளியங்கொட்டை அளவு ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கு. வலி இல்லை. வலிக்காத கட்டி என்ன செய்யப்போகுது என்று விட்டுட்டாங்க. நடவு முடியட்டும், பொண்ணு பன்னிரண்டாவது பரீட்சை முடியட்டும், மாட்டுக் கடன் அடையட்டும் என்று எட்டு மாசம் வாயைத் திறக்கலை. ஒரே வாசலில் குடியிருக்கிற எனக்கே தெரியாது.

அந்தச் சமயத்தில் மூணு கூட்டத்துக்கு அவங்க வரலை. குழுவின் செயலாளர் நான். கூட்டத்துக்குப் பத்து ரூபாய் என்று அபராதம் எழுதினேன். "ஏன்க்கா வரலை?" என்று ஒரு வார்த்தை கேட்கலை. அது இன்னிக்கும் என் மனசை அறுக்குது.

கட்டி பெரிசாகி, கை தூக்க முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆபரேஷன், மூணு வாரத்துக்கு ஒரு தடவை கீமோ, அப்புறம் கரண்ட் வைக்கிறது என்று ஒரு வருஷம் ஓடிப்போச்சு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வந்ததால் ஆபரேஷனுக்கும் மருந்துக்கும் பணம் கட்டலை. ஆனால் அட்டையில் வராத செலவை நான் நோட்டில் எழுதிப் பார்த்தேன். அட்டை எடுக்கிறதுக்கு முன்னாடி ஸ்கேன், சதைப் பரிசோதனைக்கு 14,000 ரூபாய். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் 22,000. துணைக்குப் போன மூத்தாருக்கு எழுபது நாள் கூலி போச்சு, அது 35,000. மொத்தம் 71,000. தோடு அடகுக்குப் போச்சு, கறவை மாட்டை வித்தாங்க, மிச்சத்துக்கு வாரத் தவணைக் கடன். கீமோ போட்டு வந்து வாந்தி எடுத்துக்கிட்டு இருக்கும்போது வாசலில் தவணைக்காரர் நிற்பார்.

பணத்தை விடப் பெரிசு மனசுக் கஷ்டம். முடி கொட்டினதும் அக்கா வெளியே வரவே இல்லை. ஒட்டிக்கும் என்று சிலர் அவங்க வீட்டில் தண்ணி கூடக் குடிக்கலை. இது தொத்து நோய் இல்லை, தாயே! மூத்தார் யாருக்கும் தெரியாமல் காலி மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து அழுவார். பொண்ணு நர்சிங் படிக்க ஆசைப்பட்டது, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் சித்தி" என்று சொல்லி அடுப்படியில் நின்னுது. ஒருநாள் அக்கா, "நான் போயிட்டா இதுங்களுக்குச் செலவு மிச்சம்" என்றாங்க. அன்னிக்குத்தான் விஷயத்தைக் குழுவில் வைத்தேன்.

ஆறு மாசம் அசல் வேண்டாம், வட்டி மட்டும் போதும் என்று தீர்மானம் போட்டோம். உள்கடன் 15,000 கொடுத்து வாரக் கடனை அடைத்தோம். ஆஸ்பத்திரிக்கு முறை வைத்து ஒவ்வொருத்தரும் துணைக்குப் போனோம். மூத்தார் வேலைக்குப் போனார். அந்த முப்பது ரூபாய் அபராதத்தை நானே கட்டினேன்.

அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியை 1954-ல் தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தன் தங்கச்சியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். நாமும் அக்கா தங்கச்சிங்கதானே? நம்மால் முடிஞ்சதைச் செய்வோம்.

மாசவிலக்கு முடிந்த சில நாளில் மார்பைத் தடவிப் பாருங்க. கட்டி, காம்பு உள்ளே இழுக்கிறது, ரத்தக் கசிவு, தோல் சுருக்கம் இருந்தால், வலி இல்லாவிட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்க. சீக்கிரம் பார்த்தால் குணப்படுத்தலாம். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பங்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு போய்க் காப்பீட்டு அட்டையை இப்பவே எடுத்து வையுங்க. நோய் வந்த பிறகு அலையாதீங்க. சிகிச்சைக்கு ரயிலில் போனால் நோயாளிக்கும் துணைக்குப் போறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, ஆஸ்பத்திரியில் சான்று கேளுங்க.

அக்கா அதோ மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. மாத்திரை இன்னும் சாப்பிடறாங்க, கடனும் கொஞ்சம் பாக்கி இருக்கு. பொண்ணு இந்த வருஷம் நர்சிங் சேர்ந்துட்டா.

எல்லாக் குழுச் செயலாளர்களுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். ஒருத்தர் ரெண்டு கூட்டத்துக்கு வரலை என்றால், அபராதம் எழுதுறதுக்கு முன்னாடி அவங்க வீட்டுக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க.