செங்கல்பட்டு ஆய்வும் உயிரிவங்கியும்

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, சுமார் 2,60,000 பேரைப் பதினைந்து ஆண்டுகள் கண்காணித்து, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை எனக் காட்டி மருத்துவ உலகைத் திகைக்க வைத்தது. ஏன் தடுக்கவில்லை என்பது இன்றும் முழுமையாகத் தெளியவில்லை.

இத்தகைய வினாக்களைப் பல்லாண்டு கழித்தும் சோதிக்க உதவுவது உயிரிவங்கி, அதாவது மக்கள் இசைந்து அளித்த குருதியையும் திசுவையும் அவர்களது உடல்நலக் குறிப்புகளோடு இணைத்துக் காக்கும் நிலையம். அங்கே குருதி சுழற்றிப் பிரிக்கப்பட்டு, அடையாள எண் ஒட்டிய சிறு குப்பிகளில் மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் உறைய வைக்கப்படுகிறது. உயிரணுக்களுக்கோ மைனஸ் 196 டிகிரி குளிருடைய திரவ நைட்ரஜன் தேவை.

சென்னை ஐ.ஐ.டி.யில் புற்றுநோய்த் திசுக்களுக்கான தேசிய உயிரிவங்கி உள்ளது. 2025 ஜூலையில் டெல்லியில் திறக்கப்பட்ட தேசிய உயிரிவங்கி 10,000 பேரின் தரவுகளைத் திரட்ட முனைகிறது. பிரிட்டனின் உயிரிவங்கியிலோ 5,00,000 பேர் உள்ளனர். இந்தியாவின் பன்மைக்கு 10,000 போதாது. மாமல்லபுரம் கரையோர மீனவர்களும் செங்கல்பட்டு இருளர்களும் அதில் இடம்பெற வேண்டும். பெயர் மறைத்துக் காக்கப்படும் என்ற உறுதியும், விரும்பினால் விலகும் உரிமையும் அவர்களுக்குத் தமிழிலேயே விளக்கப்பட வேண்டும்.