சிறு பூங்காவும் திணைக் கண்ணும்

 

என் பிழையொன்றைச் சொல்லி இவ்வுரையைத் தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், உயர்நிலைப்பள்ளி வகுப்பொன்றில் ஐந்திணைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "ஐயா, நெய்தல் நிலத்தைச் சிங்கப்பூரில் எங்கே பார்க்கலாம்?" என்று ஒரு மாணவி வினவினார். "அதெல்லாம் சங்க காலம். தேர்வுக்கு வேண்டியதை எழுதிக்கொள்ளம்மா" என்றேன். அவரும் எழுதிக்கொண்டார். அதன்பின் அவ்வகுப்பில் எவரும் அத்தகைய வினாவை எழுப்பவில்லை.

அவ்வினாவுக்குரிய விடையைப் பின்னாளில் ஒரு சிறு பூங்காவில் கண்டேன். தெலுக் ஆயர் தெருவில், நாகூர் தர்காவுக்கும் தியான் ஹோக் கெங் ஆலயத்துக்கும் இடையே அமைந்துள்ளது அப்பூங்கா. சில மரங்கள், சில இருக்கைகள், முற்காலக் குடியேறிகளின் வாழ்வைக் காட்டும் வெண்கல உருவங்கள், அவ்வளவே. அத்தெரு வழியே பன்முறை நடந்தும் நான் அதனைக் கண்டதில்லை. நண்பர் ஒருவருக்காகக் காத்திருக்க நேர்ந்த ஒரு பிற்பகலில்தான் அங்கே அமர்ந்தேன்.

தொல்காப்பியர் முதல், கரு, உரி எனப் பொருளை மூன்றாக வகுத்தார். சிறு பூங்காவைச் சுவைப்பதற்கும் அம்மூன்றே போதும் என்பது என் துணிபு.

முதற்பொருள் நிலமும் பொழுதும் ஆகும். மலாய் மொழியில் 'தெலுக்' என்பது விரிகுடா. 'ஆயர்' என்பது நீர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் வரை அத்தெருவே கடற்கரையாக இருந்தது. இன்று உயர்ந்த கட்டடங்கள் நிற்குமிடத்தில் அன்று அலை எழுந்தது. கடல் அகன்ற பின்னும் பெயர் அகலவில்லை.

கருப்பொருளில் தெய்வமும் மக்களும் அடங்குவர். தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள், நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக 1828 முதல் 1830 வரை தர்காவை எழுப்பினர். சீனாவின் ஃபுஜியான் பகுதியிலிருந்து வந்தோர், கடல் தெய்வமாகிய மாசூவுக்கு 1839 முதல் 1842 வரை ஆலயம் அமைத்தனர். கடல் கடந்து நலமே கரைசேர்ந்தோரின் நன்றி, பூங்காவின் இருபுறமும் கட்டடமாக நிற்கின்றது.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். இக்கரையில் இறங்கிய ஒவ்வொருவருக்காகவும் அக்கரையில் ஒரு தாயோ மனைவியோ காத்திருந்திருப்பார். அவ்விருக்கையில் அமர்ந்து இதனை எண்ணியபோது, நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய சொல்லுக்கு முதன்முறையாகப் பொருள் விளங்கிற்று.

ஆசிரியப் பெருமக்களே! இத்தகைய சிற்றிடங்கள் நம் அடுக்குமாடி வீடுகளுக்கு இடையிலும் பேருந்து நிறுத்தங்களின் பின்னாலும் உள்ளன. அவற்றைக் காலால் நடந்தே கண்டறிய வேண்டும். பெரும்பூங்காவைச் சுற்றிவர ஒரு நாள் வேண்டும். சிறு பூங்காவுக்கு ஒரு பாடவேளை போதும். மாணவரை அங்கே அமர்த்தி மூன்று வினாக்களைக் கேளுங்கள். இந்நிலம் முன்பு எதுவாக இருந்தது? இங்குள்ள மரத்துக்கும் பறவைக்கும் தமிழில் என்ன பெயர்? இங்கே வந்தமர்வோர் எதனை நாடி வருகின்றனர்? அவர்கள் எழுதும் கட்டுரையில் மனப்பாடத் தொடர்கள் குறைந்திருப்பதை நீங்களே காண்பீர்கள்.

என் மாணவி பள்ளியை விட்டுச் சென்று நெடுங்காலமாயிற்று. அவருக்குரிய விடையை இந்த அவையில்தான் சொல்ல முடிந்தது. உங்கள் மாணவர் வினவும்போது, அன்றே அழைத்துச் செல்லுங்கள்.