ஊருக்கு வந்த பிள்ளை



கடல் கடந்து சென்று பொருள் ஈட்டி மீளும் குடும்பங்களைப் பற்றிப் பேசுமாறு இந்நூலகத்தார் பணித்தார்கள். சவூதி அரேபியாவின் தம்மாம் நகரிலே 19 ஆண்டுகள் ஜீவனம் நடத்தி, மனைவியோடும் 12 வயது மகளோடும் நாஞ்சில் நாட்டுத் தேரூருக்கு வந்து சேர்ந்தவன் நான். ஆகையால் நூல்களில் படித்ததைக் காட்டிலும் பட்டதையே மிகுதியாகச் சொல்லப்போகிறேன்.

நம் ஜில்லாவில் ஒருவர் வளைகுடாவுக்குப் புறப்படுகிறார் என்றால், பாஸ்போர்ட் எடுப்பதும், மருத்துவப் பரிசோதனைக்கு அலைவதும், நாகராஜா கோவிலிலோ கோட்டாறு சவேரியார் கோயிலிலோ தக்கலை பீரப்பா தர்காவிலோ நேர்ந்துகொள்வதும், ஏத்தங்காய் வற்றலைப் பொட்டலம் கட்டிப் பெட்டியில் அடுக்குவதும், வேன் நிறைய உறவினர் ஏறித் திருவனந்தபுரம் விமான நிலையம் வரை சென்று கண்ணீரோடு வழியனுப்புவதுமாக, ஒரு குடும்பமே மாதக்கணக்கில் சிரத்தையோடு ஆயத்தம் செய்கிறது. திரும்பி வருவதற்கு நாம் செய்யும் ஆயத்தமோ பெரும்பாலும் ஒரு வீடு கட்டுவதோடு நின்றுவிடுகிறது.

அந்த ஆயத்தத்தில் முதலாவது காகிதங்கள். 1990 ஆகஸ்டு 2-ஆம் நாள் ஈராக் படைகள் குவைத்திற்குள் புகுந்தபோது, ஆயுட்காலச் சேமிப்பை அங்கேயே விட்டு, பாலைவனம் கடந்து அம்மான் நகரை அடைந்து, அங்கிருந்து விமானங்களில் ஏற்றிவரப்பட்ட ஏறத்தாழ 1,70,000 இந்தியர்களை இங்கே பலர் நினைவுகூர்வீர்கள். பின்னர் ஐக்கிய நாடுகள் சபை 1991-இல் நிறுவிய நஷ்டஈட்டு ஆணையம், குவைத்தை விட்டு வெளியேற நேர்ந்ததற்காக மட்டுமே தனிமனிதருக்கு 2,500 டாலர், குடும்பத்திற்கு 5,000 டாலர் முதலாக வழங்கியது. அங்கே வசித்ததற்கும் வெளியேறியதற்கும் அத்தாட்சி காட்ட வேண்டியிருந்த அந்த வேளையில், குடியிருப்பு அனுமதியான இக்காமாவின் நகலும் பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கமும் எத்தகைய ஐசுவரியங்கள் என்பது விளங்கியிருக்கும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சவூதி தொழிற்சட்டப்படி, பணி ஒப்பந்தம் முடிந்து வருபவருக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளமும், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளமும் பணிக்கொடையாகச் சேர வேண்டும். நான் பணிபுரிந்த கம்பெனியில், விமானத்திற்கு முந்தின மாலை, அரபியில் அச்சிட்ட ஒரு தாளைக் காட்டிக் கையொப்பமிடச் சொன்னார்கள். பெட்டி கட்டும் அவசரத்தில் இட்டேன். பாக்கி முழுவதும் பெற்றுக்கொண்டேன் என்பதே அதன் வாசகம் என்பதைத் தேரூருக்கு வந்த பிறகு வாசித்துக் காட்டச் சொல்லி அறிந்தேன். ஆகவே, மீளுவதற்கு ஆறு மாதம் முன்பே கணக்கைக் கேளுங்கள். தொகை கைக்கு வரும்முன் எந்தத் தாளிலும் கையொப்பமிடாதீர்கள்.

நிலையாகத் தங்குவதென்று வந்தவர், வெளிநாடுவாழ் இந்தியருக்கான தம் என்.ஆர்.இ. கணக்கை அப்படியே வைத்திருக்கலாகாது. வங்கிக்கு அறிவித்து, உள்நாட்டுக் கணக்காகவோ, வெளிநாட்டு நாணயத்திலேயே வைத்துக்கொள்ளும் ஆர்.எஃப்.சி. கணக்காகவோ மாற்ற வேண்டும். அயல்நாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்வதும் தவறக்கூடாதது. 2004 டிசம்பர் 3 முதல் அதன் பிரஜா உரிமையே அப்பதிவைப் பற்றி நிற்கிறது. இனிப் போகிறவர்களுக்கும் ஒரு சொல்: பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும் என்ற விதியைத் தொல்லையென்று எண்ணிச் சுற்றுலா விசாவில் ஏறிவிடுபவர், அவ்வனுமதியோடு சேர்ந்துவரும் 10 லட்சம் ரூபாய்க் காப்பீட்டையும் இழந்தே ஏறுகிறார்.

இவையெல்லாம் கேட்டறிந்து சரிசெய்துகொள்ளக் கூடிய விவகாரங்கள். என் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. நாங்கள் வந்து ஒரு மாதம் சென்றபின், திண்ணையில் தன் ஆச்சியின் மடியில் படுத்திருந்த என் மகள், "ஆச்சி, நாம எப்போ ஊருக்குத் திரும்பிப் போவோம்?" என்று கேட்டாள். அவள் ஊர் என்றது தம்மாமை. என் தாயார் அவள் தலையைத் தடவிக்கொண்டே, "இதுதான மக்ளே நம்ம ஊரு" என்றார். குழந்தை பதில் சொல்லவில்லை. திரும்பி வந்தவர்கள் நானும் என் மனைவியும்தான். அவளோ பிறந்த மண்ணையும் தோழிகளையும் விட்டுப் புறப்பட்டு, அந்நிய தேசத்துக்கு வந்திருக்கிறாள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

நம் ஜில்லாவுக்கு இது புதிதன்று. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையால் இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. அவ்வாறு வந்த குடும்பங்களில் சில நம் கீரிப்பாறைப் பக்கத்து அரசு ரப்பர் தோட்டங்களில் குடியேறின. 'தாயகம் திரும்பியோர்' என்று சர்க்கார் அவர்களுக்குப் பெயரிட்டது; தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலே பிறந்து வளர்ந்து, பாட்டனார் சொல்லக் கேட்டதன்றித் தமிழ்நாட்டைக் கண்ணாலும் காணாதவர் அவர்களுள் எத்தனை பேர்! அவர்கள் தமிழ் பேசிக்கொண்டு வந்தார்கள் என்ற ஓர் ஆறுதலாவது அங்கே இருந்தது.

வளைகுடாவிலிருந்து வரும் நம் பிள்ளைகளுக்கோ பல வீடுகளில் அதுவும் இல்லை. அங்கே ஆங்கிலத்தோடு இந்தியோ அரபியோ படித்தவர்கள், 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி இங்கே தமிழ்ப் பாடம் எழுத வேண்டும். ஏழாம் வகுப்பில் சேர்ந்த என் மகளுக்கு வடசேரி பஸ் நிலையத்தில் 'தக்கலை' என்ற பலகையை வாசிக்கத் தெரியவில்லை. வகுப்பிலும் தமிழ் வாசிக்கத் திணறியபோது பிள்ளைகள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். தம்மாமில் விடுமுறை நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் தமிழ் கற்பிக்க நான் ஒதுக்கியிருந்தால் அவள் அந்தக் கண்ணீரைச் சிந்தியிருக்க மாட்டாள். அப்பிழை முழுவதும் என்னுடையது.

ஆகையால் இந்நூலகத்தாரிடம் ஒரு விண்ணப்பம் வைத்து அமர்கிறேன். சனிக்கிழமை மாலைகளில் முன்னறையைத் திறந்து தாருங்கள். ஒரு கரும்பலகையும் ஒரு பாயும் போதும். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் எவராயினும் அனுப்புங்கள். 'அ'கரத்திலிருந்து நான் தொடங்குகிறேன். என் மகளும் வருவாள். வருகிற சனிக்கிழமை ஐந்து மணிக்கு நாங்கள் இருவரும் வாசலில் நிற்போம்.